ஏழாம் அத்தியாயம்: திருடன் எந்த வழியாக வந்தான்?

வீட்டில் நகையோ பணமோ களவு போனால் முதலில் வருவது போலீஸ். பாலிசி இருந்தால், அடுத்து வருவது காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர். போலீஸ்காரர், "என்னென்ன போச்சு, யார் மேல சந்தேகம்?" என்று கேட்பார். சர்வேயரோ வாசலிலேயே நின்றுவிடுவார். பூட்டைப் பார்ப்பார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார், ஜன்னல் கம்பிகளைப் படம் எடுப்பார். திருடன் எப்படி உள்ளே வந்தான் என்பதே அவர் தேடும் விடை. அதே வீடு, அதே பாலிசி, அதே பத்துப் பவுன் நகைதான்; ஆனால் கதவை உடைத்து எடுத்துப் போயிருந்தால் பணம் கிடைக்கும், திறந்திருந்த கதவு வழியாக எடுத்துப் போயிருந்தால் கிடைக்காமல் போகலாம். பலருக்கு இது தெரியவருவது எல்லாம் போன பிறகுதான். பாலிசி வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன பாலிசி?

வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் ஒரு பாலிசியும் போட்டுக் கொடுத்திருப்பார்கள். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். அந்தக் காகிதத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று இருக்க வாய்ப்பு அதிகம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்றுவரும் வீட்டுப் பாலிசி அது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் ஆகியவற்றுக்கு நல்ல பாலிசி. திருட்டு விஷயத்தில் மட்டும் அதன் கதவு மிகச் சிறியது. தீ, வெள்ளம் போன்ற ஒரு விபத்து நடந்து, அதன் காரணமாக, அது நடந்த 7 நாட்களுக்குள் பொருள் திருடு போனால்தான் அந்தப் பாலிசி பொறுப்பேற்கும்.

வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து, நீங்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவர் இடிந்து கிடந்த வீட்டிலிருந்து ஐந்தாம் நாள் டிவியைத் தூக்கிக்கொண்டு போனால் கேட்கலாம். பத்தாம் நாள் போனால் கேட்க முடியாது. வெள்ளமும் தீயும் இல்லாத ஒரு சாதாரண இரவில், பூட்டை உடைத்து வீட்டையே காலி செய்துவிட்டுப் போனாலும் அந்த அடிப்படைப் பாலிசியில் ஒன்றும் கிடைக்காது.

கட்டடத்தோடு சேர்த்து வீட்டுப் பொருட்களுக்கும் எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை பொருட்களுக்குத் தானாகவே காப்பீடு உண்டு. 40 லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீடென்றால் பொருட்களுக்கு 8 லட்சம். நகையும் வெள்ளிப் பாத்திரமும் இதில் சேராது. அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆனால் இவ்வளவும் தீ, வெள்ளம் வகைக்கான கணக்கு. திருட்டுக்குத் தனியே கேட்டு வாங்க வேண்டும். அதே பாலிசியில் கூடுதல் பிரிவாகச் சேர்க்கலாம், அல்லது பல பிரிவுகள் கொண்ட 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' பாலிசியோ தனி 'பர்க்ளரி' பாலிசியோ எடுக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டுக்காரர் எடுத்த பாலிசி தங்கள் பொருளுக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பொருளுக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும். கட்டடம் இல்லாமல் பொருளுக்கு மட்டும் எடுக்கவும் வழி உண்டு.

சட்டம் சொல்வதும் பாலிசி சொல்வதும்

குற்றவியல் சட்டம் களவைப் பல கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-ஆம் பிரிவு சாதாரணத் திருட்டு. 304 பறிப்பு, செயின் பறிப்புக்கென்று நாடு முழுமைக்குமான தனிப் பிரிவு வந்தது இந்தச் சட்டத்தில்தான். 305 குடியிருக்கும் வீட்டில் திருடுவது, 306 வேலைக்கு இருப்பவர் முதலாளியின் பொருளைத் திருடுவது, 309 அடித்தோ மிரட்டியோ கொள்ளையடிப்பது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் 310. பூட்டை உடைத்தோ சுவரில் துளை போட்டோ நுழையும் கன்னக்களவை 330-ஆம் பிரிவு விளக்குகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். கன்னக்களவுக்குச் சட்டம் தரும் விளக்கம் மிக விரிவானது. நீங்கள் தொலைத்த சாவி ஒருவன் கையில் கிடைத்து, அதைக் கொண்டே உங்கள் கதவைத் திறந்து நுழைந்தால் அது கன்னக்களவுதான் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-ஆம் பிரிவே உதாரணம் காட்டியது. கதவு ஓட்டையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாலும் அப்படியே. அப்படி நுழைந்து பிடிபட்டவனுக்குக் கன்னக்களவுக்கான தண்டனையே கிடைக்கலாம்.

பாலிசிக்கு அது போதாது. பர்க்ளரி பிரிவில் வழக்கமாக இருக்கும் வாசகம், வீட்டுக்குள் நுழையவோ வீட்டிலிருந்து வெளியேறவோ உண்மையாகவே பலத்தையும் வன்முறையையும் பயன்படுத்தி நடந்த திருட்டு என்பது. யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பலமோ வன்முறையோ இல்லாத திருட்டு, பாலிசியில் சொன்ன பர்க்ளரி ஆகாது. சட்டப் புத்தகத்தில் அந்தக் குற்றத்துக்கு என்ன பொருள் இருந்தாலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பாலிசியின் வாசகம்தான் செல்லும் என்றது தீர்ப்பு. 2016-இல், ஒடிசாவின் தொழில் முதலீட்டுக் கழகம் தொடுத்த வழக்கிலும் இதே நிலைதான். ஆகவே "எஃப்.ஐ.ஆரில் திருட்டு என்று போட்டிருக்கிறார்களே" என்ற வாதம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

பலம் என்றால் ஆளை அடித்திருக்க வேண்டும் என்பதில்லை. பூட்டை அறுப்பது, நிலையைப் பெயர்ப்பது, கம்பியை வளைப்பது, கூரை ஓட்டைப் பிரிப்பது எல்லாம் பலம்தான். வெளியேறுவது என்ற சொல்லையும் கவனியுங்கள். பகலில் கதவு திறந்திருந்தபோது நுழைந்து பதுங்கியிருந்தவன், நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு உள்ளிருந்து பின்கதவை உடைத்துக்கொண்டு ஓடினால், அந்த உடைப்பே உங்களுக்குச் சாட்சி.

ஆனால் வீட்டுக் கதவு திறந்திருந்து உள்ளே பீரோவை மட்டும் உடைத்திருந்தால்? 1899-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. சாத்தி மட்டும் வைத்திருந்த கடைக் கதவின் கைப்பிடியைத் திருப்பி நுழைந்தவன், உள்ளே பூட்டியிருந்த காட்சிப் பெட்டியை உடைத்து நகைகளை எடுத்துப் போனான். கட்டடத்துக்குள் நுழைந்ததில் வன்முறை இல்லை, எனவே பாலிசி பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. நம் பாலிசிகளின் வாசகம் அந்த மரபிலிருந்து வந்ததே. பீரோவுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் சர்வேயர் முதலில் பார்ப்பது வாசல் கதவைத்தான்.

நம் வீடுகளில் நடக்கும் களவுகள்

சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மொட்டை மாடியில் படுப்போம். கீழே கதவை வெறுமனே சாத்தியிருப்போம். அல்லது காற்றுக்காக முன்கதவைத் திறந்து வைத்துக் கூடத்திலேயே தூங்கிவிடுவோம். அப்போது போகும் நகை சட்டப்படி வீட்டில் நடந்த திருட்டு. பர்க்ளரி பிரிவில் வராது. கோடையில் காற்றுக்குத் திறந்து வைப்பவர்கள் கம்பிக் கதவு ஒன்று போட்டு, அதைப் பூட்டிவிட்டுப் படுப்பதே நல்லது. அதை அறுத்தால் அடையாளம் இருக்கும்.

சாவியை மீட்டர் பாக்ஸுக்குள், பூந்தொட்டிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்காக வைக்கும் அந்தச் சாவியால் திருடன் திறந்தால், பூட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. சட்டத்தின் பார்வையில் அது கன்னக்களவாக இருக்கலாம், பாலிசியின் பார்வையில் தகராறுக்கு உரியது. கள்ளச்சாவியும் இப்படித்தான். இரும்புப் பெட்டக விஷயத்தில் பல பாலிசிகள் இன்னும் கண்டிப்பானவை. சாவியை மிரட்டிப் பிடுங்கினால் ஒழிய, சாவி போட்டுத் திறந்த பெட்டகத்துக்குப் பணம் இல்லை என்று எழுதியிருப்பார்கள். பூஜை அறைப் படத்துக்குப் பின்னால் பெட்டகச் சாவியை வைக்கும் வழக்கம் திருடனுக்கும் தெரிந்ததே.

'பீரோ புல்லிங்' என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். திருடன் வீட்டுக்குள் வருவதே இல்லை. ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டு பீரோவை ஜன்னல் பக்கம் இழுத்து, நெம்பித் திறந்து, உள்ளே இருப்பதை வழித்து எடுத்துப் போகிறான். நுழைவே நடக்காத இந்தக் களவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜன்னல் கம்பி வளைந்திருந்தாலோ கொக்கி உடைந்திருந்தாலோ உங்கள் தரப்பு வலுவாக இருக்கும். திறந்திருந்த ஜன்னல் என்றால் நிறுவனம் மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். பீரோவை ஜன்னலுக்கு எட்டாத சுவரில், திருகாணி போட்டுப் பொருத்துங்கள். பாலிசி இல்லாதவர்களும் செய்ய வேண்டிய வேலை இது.

நகைக்குப் பாலிஷ் போடுவதாக வருகிறவர், போலீஸ் என்று சொல்லி "நகையைக் கழற்றிப் பொட்டலமாகக் கட்டுங்கம்மா, இந்தத் தெருவில் திருட்டு அதிகம்" என்று சொல்கிறவர், பரிகாரம் செய்வதாகச் செம்பில் நகையைப் போடச் சொல்கிறவர் எல்லாரிடமும் நகையை நாமே நம் கையால் கொடுக்கிறோம். இது மோசடி வகையில் போகும். பலம், வன்முறை எதுவும் இல்லாததால் பர்க்ளரி பிரிவு உதவாது. வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள்தான் இதில் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள் என்பதால், பாலிசியை விட அவர்களிடம் பேசி வைப்பதே முக்கியம் என்பேன். அதே ஆள் கத்தியைக் காட்டிப் பிடுங்கியிருந்தால் நிலைமை வேறு. வீட்டுக்குள் மிரட்டிப் பறிப்பதைப் பல பர்க்ளரி பிரிவுகள் தனியே குறிப்பிட்டு ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தெருவில் நடக்கும் செயின் பறிப்பு வீட்டுப் பாலிசிக்கு வெளியே. நகை எங்கே இருந்தாலும் காக்கும் 'ஆல் ரிஸ்க்' பிரிவு எடுத்திருந்தால்தான் கேட்க முடியும். பிரீமியம் கூடுதல்தான். ஆனால் தினமும் தாலிச் சங்கிலியோடு கோயிலுக்கும் கடைக்கும் நடந்து போகிற வீட்டில், பூட்டிய பீரோவில் இருக்கும் நகையை விடக் கழுத்தில் இருப்பதற்கே ஆபத்து அதிகம்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். மகளின் பிரசவத்துக்கு என்று அமெரிக்கா போனால் ஆறு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். பல பாலிசிகள், வீட்டில் 30 நாளோ 60 நாளோ தொடர்ந்து ஆள் இல்லாவிட்டால் திருட்டுக்குப் பொறுப்பில்லை என்கின்றன. பூட்டை உடைத்தே திருடியிருந்தாலும் அப்போது பயன் இல்லை. கிளம்பும் முன் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, காப்பீடு தொடரும் என்று அவர்களிடமிருந்தும் எழுத்தில் வாங்குங்கள். வாரம் ஒரு முறை யாராவது வந்து விளக்கு போட்டால் போதும் என்று ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது செல்லாது. உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்படிப் போகும்போது நகையை வங்கி லாக்கரில் வைப்பது சரிதான். ஆனால் லாக்கரில் இருப்பதற்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு வந்தால் லாக்கரின் ஓராண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரையே வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 3 லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுனுக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

வீட்டுக்குள் இருப்பவர் மீது சந்தேகம்

குடும்பத்தினரோ வீட்டில் வேலை செய்பவரோ செய்த, அல்லது துணை நின்ற திருட்டை விலக்கும் விதி மிகப் பரவலானது. சில பாலிசிகளில் வேலை செய்பவரின் திருட்டுக்கு மட்டும் தனிப் பிரிவு வாங்கலாம்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பொருள் காணாமல் போன அந்த நிமிடத்தில், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பெயரை யாராவது சொல்லிவிடுவார்கள். ஆதாரம் இல்லாமல் அந்தப் பெயரைப் புகாரில் எழுதாதீர்கள். ஏழைப் பெண் ஒருவர் காவல் நிலையத்தில் அமர வைக்கப்படுவார். அவர் நிரபராதி என்று பிறகு தெரிந்தாலும் அந்தத் தெருவில் அவருக்கு மறுபடி வேலை கிடைக்காது. அந்த அநியாயத்தைச் செய்ய நமக்கு உரிமை இல்லை. காப்பீட்டிலும் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். "வீட்டு ஊழியர்தான் எடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்" என்று நிறுவனம் விலக்கு விதியைக் காட்டும். கண்டதை எழுதுங்கள், ஊகத்தை விடுங்கள்.

எவ்வளவுக்கு எடுப்பது, எதை வைத்து நிரூபிப்பது

பர்க்ளரி பிரிவுகளில் பொதுவாக விகித விதி உண்டு. வீட்டில் 8 லட்சம் மதிப்புள்ள பொருள் இருக்க, பிரீமியத்தை மிச்சப்படுத்த 4 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், 2 லட்சம் திருடு போகும்போது 1 லட்சம்தான் வரும். தங்கம் விலை ஏற ஏறத் தொகையையும் ஏற்ற வேண்டும்; புதுப்பிக்கும்போது பழைய தொகையையே திரும்பப் போடுவதால் நஷ்டப்படுகிறவர்கள் உண்டு. ரொக்கப் பணம் பெரும்பாலும் விலக்கு, அல்லது ஒரு சிறு தொகை வரையே.

நகைக்கு ரசீது வேண்டும். பாட்டி கொடுத்த அட்டிகைக்கு ரசீது எங்கே போவது? மதிப்பீட்டாளரிடம் எடை, தரம் குறித்த சான்று வாங்கி, பாலிசி எடுக்கும்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கல்யாண ஆல்பமும் உதவும். பலருக்குத் தோன்றாத இன்னொரு ஆவணம், எப்போதோ வங்கியில் நகைக்கடன் வாங்கிய ரசீது. எந்த நகை, எத்தனை கிராம் என்று மூன்றாம் ஆள் எடை போட்டு எழுதிய காகிதம் அது. மீட்ட பிறகு கிழித்துப் போடாதீர்கள். புதிய நகை என்றால், அதில் பொறித்திருக்கும் ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாள எண்ணையும் குறித்து வையுங்கள். இந்தக் காகிதங்களின் படங்களை அந்த பீரோவுக்கு வெளியே எங்காவது வைத்திருக்க வேண்டும்.

நடந்த அன்று

உடைந்த பூட்டு, பெயர்ந்த நிலை, இறைந்த மிளகாய்ப் பொடி எதையும் தொடாமல், முதலில் படமும் வீடியோவும் எடுங்கள். பூட்டைப் போலீஸ் கைப்பற்றிக் கொண்டு போய்விடலாம்; பிறகு சர்வேயருக்குக் காட்ட உங்களிடம் இருப்பது அந்தப் படம்தான். புகாரில் "நகை காணவில்லை" என்று மட்டும் எழுதக் கூடாது. எந்தக் கதவு, எந்தப் பூட்டு, எப்படி உடைந்திருந்தது, கடைசியாக யார் எப்போது பூட்டியது என்று விவரமாக எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் பல சமயம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கிளெய்முக்கு அது போதாது. எஃப்.ஐ.ஆர். பதியும்படி வற்புறுத்துங்கள், அதன் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. எஃப்.ஐ.ஆரில் பூட்டு உடைந்த விவரம் விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். மாதங்கள் கழித்தும் குற்றவாளி அகப்படாவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற அறிக்கையைக் காவல் நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

நிறுவனத்துக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கிளெய்ம்களை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. வாகனத் திருட்டு வழக்கு ஒன்றில் 2020-இல் உச்ச நீதிமன்றமும், போலீசில் உடனே புகார் செய்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்றது. தேவைப்பட்டால் இவற்றைக் காட்டலாம். நம்பிக்கொண்டு தாமதிக்க வேண்டாம்.

பூட்டு உடையாமல் திருடு போயிருந்தால், "நீங்களே பூட்டை உடைத்து வைத்துவிடுங்கள்" என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். கம்பி உள்ளிருந்து வளைந்ததா, வெளியிலிருந்தா என்று பார்ப்பதே சர்வேயரின் தொழில். பொய் என்று தெரிந்தால் முழுக் கிளெய்மும் போகும், நீங்களே குற்றவாளியாகவும் நிற்க நேரும்.

மறுப்புக் கடிதம் வந்தால், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை, சென்னையில் அலுவலகம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் கெடு இரண்டு ஆண்டு. பாலிசி வாசகம் இரு பொருள் தருவதாக இருந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. சாவியால் திறந்த கதவு, பீரோ புல்லிங் போன்ற இரண்டுங்கெட்டான் வழக்குகளில் அதை எழுப்பிப் பார்க்க வேண்டும்.

பணம் வாங்கிய பிறகு போலீஸ் நகையை மீட்டால், அதன் மீதான உரிமை நீங்கள் பெற்ற தொகை அளவுக்கு நிறுவனத்துடையது. பாட்டியின் அட்டிகைதான் வேண்டும் என்றால், தொகையைத் திருப்பிக் கட்டி நகையை எடுத்துக்கொள்ள விரும்புவதாக நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். நீதிமன்றத்திலிருந்து நகையைப் பெற மனுப் போடும் முன்பே அந்தக் கடிதம் போயிருக்க வேண்டும்.